சன்னதியில் எழும் வினா

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவிழாக் காலத்தில் பேச அழைக்கப்படுபவர் அன்னையின் பெருமையை எடுத்துரைப்பதே வழக்கம். அப்பெருமையை என்னைவிடச் சிறப்பாக எடுத்துக் கூறவல்ல பெரியவர்கள் இம்மேடையில் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே அன்னையின் முன்னால் கைகூப்பி நிற்கும் நம்மைப் பற்றிச் சிறிது பேசலாம் என்று எண்ணுகிறேன். இன்னும் குறிப்பாகச் சொல்வதானால், சன்னதியில் நின்று நாம் கேட்கும் கேள்விகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

நாம் அர்ச்சனைச் சீட்டு வாங்குகிறோம். பெயர், இராசி, நட்சத்திரம் சொல்கிறோம். திரை விலகித் தீபாராதனை காட்டப்படும் அந்தச் சில கணங்களில் மனத்திலுள்ளவற்றையெல்லாம் கொட்டிவிடுகிறோம். மகனுக்கு எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி வேண்டும். மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும். மருத்துவமனையில் இருக்கும் அண்ணன் நலமாகத் திரும்ப வேண்டும். இவற்றில் எதையும் நான் குறை கூறவில்லை. பெற்ற தாயிடம் கேட்காமல் பிள்ளை வேறு யாரிடம் போய்க் கேட்கும்?

ஆனால் ‘கேட்டல்’ என்னும் சொல்லுக்கு நம் தமிழில் மூன்று பொருள்கள் உண்டு. வேண்டிப் பெறுவதும் கேட்டல்தான். வினவுவதும் கேட்டல்தான். செவிகொடுப்பதும் கேட்டல்தான். நாம் பெரும்பாலும் முதற்பொருளிலேயே நின்றுவிடுகிறோம். வேண்டுகோளைச் சமர்ப்பித்துவிட்டுத் திருநீறு பெற்றுக்கொண்டு காலணியைத் தேடப் போய்விடுகிறோம். வினவுவதற்கும் செவிகொடுப்பதற்கும் நேரம் ஒதுக்குவதில்லை.

வினவுதல் பக்திக்கு எதிரானது என்ற எண்ணம் நம்மிடையே எப்படியோ வேரூன்றிவிட்டது. இது நம் முன்னோர் கருத்தன்று. மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கில் ஒன்றான ‘உண்மை விளக்கம்’ முழுவதும் மாணாக்கர் கேட்க ஆசிரியர் விடை கூறுவதாக அமைந்தது. திருவதிகை மனவாசகங் கடந்தார் தம் குருவாகிய மெய்கண்டாரிடம் தத்துவங்கள் யாவை, ஆணவம் யாது, வினை யாது என்றெல்லாம் அடுக்கிக் கேட்கிறார். அந்த வரிசையில் ‘நான் யார், நீ யார்’ என்னும் பொருள்பட்ட வினாவும் இடம்பெறுகிறது. தம் குருவைப் பார்த்தே ‘நீ யார்’ என்று கேட்கும் உரிமை ஒரு மாணாக்கருக்கு இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அருணந்தி சிவாசாரியார் தம் ஆசிரியரை வினவி வினவியே ‘இருபா இருபது’ பாடினார். உமாபதி சிவாசாரியார் இன்னும் ஒருபடி மேலே சென்று, பதின்மூன்று பாடல்களைக் கொண்ட தம் நூலுக்கு ‘வினா வெண்பா’ என்றே பெயரிட்டார். வினாவுக்கு இவ்வளவு மதிப்பளித்த சமயத்தில் பிறந்த நாம், பிள்ளைகள் ஏதேனும் கேட்டால் “சாமி காரியத்தில் கேள்வி கேட்கக் கூடாது” என்று அடக்கிவிடுகிறோம்.

நம்மில் பலர் சிறுவயதில் சமய வகுப்பில் ஆறுமுக நாவலரின் ‘சைவ வினாவிடை’யைப் படித்திருப்போம். வினாவும் அதிலேயே இருக்கும். விடையும் அதிலேயே இருக்கும். இரண்டையும் மனப்பாடம் செய்து ஒப்புவிப்போம். அஃது அவசியமான பயிற்சியே. அடித்தளம் இல்லாமல் கட்டடம் எழும்பாது. ஆயினும் மனப்பாட வினாவுக்கும் உள்ளத்திலிருந்து எழும் வினாவுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. விடை கிடைத்ததும் முதலாவது முடிந்துவிடும். இரண்டாவதோ கேட்டவரையே திரும்பிப் பார்க்கும். அவ்வாறு திரும்பிப் பார்த்த ஒரு வினாவின் வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அந்த வினாவைக் கேட்டவர் என்னைப் போன்றே ஓர் அரசாங்க ஊழியர். இந்த வரலாறு எனக்கு மிகவும் நெருக்கமாகத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவர் பெயர் சிவப்பிரகாசம் பிள்ளை. தத்துவம் பயின்ற பட்டதாரி. தென்னார்க்காடு மாவட்டத்தில் வருவாய்த் துறையில் பணியாற்றியவர். 1902ஆம் ஆண்டளவில் அலுவல் நிமித்தமாகத் திருவண்ணாமலைக்கு வந்தார். மலைமீது விரூபாட்ச குகையில் இளந்துறவி ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஏறிச் சென்றார். அத்துறவிக்கு அப்போது வயது இருபத்திரண்டுதான். ஊரார் அவரைப் பிராமண சுவாமி என்று அழைத்து வந்தனர். பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி என்னும் பெயர் காவ்யகண்ட கணபதி முனிவரால் 1907இல்தான் அவருக்குச் சூட்டப்பட்டது. அவர் அக்காலத்தில் பேசுவதில்லை. மௌன விரதம் எதுவும் பூண்டிருக்கவில்லை. பேச வேண்டும் என்ற நாட்டம் எழவில்லை, அவ்வளவுதான்.

பிள்ளையவர்கள் அவர்முன் அமர்ந்து கேட்ட முதல் வினா, “சுவாமி, நான் யார்?” என்பது.

சற்று எண்ணிப் பாருங்கள். அலுவல் பயணமாக வந்த அதிகாரி ஒருவர், தம்மைவிட வயதில் இளையவரான, கோவணம் மட்டுமே அணிந்த ஒருவர் முன் அமர்ந்து, தாம் யார் என்பதைச் சொல்லும்படி கேட்கிறார். பதவி உயர்வு வருமா, மாற்றல் கிடைக்குமா என்று கேட்கவில்லை. விடைகள் சைகையால் வந்தன. சைகை புரியாதபோது எழுத்தால் வந்தன. பிள்ளையவர்கள் தம் நினைவிலிருந்து எழுதி வைத்தபடி வினாக்கள் பதினான்கு. அவற்றை அவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம்மிடமே வைத்திருந்து 1923இல்தான் அச்சிட்டார். அதுவே ‘நான் யார்?’ என்று இன்று உலகமெங்கும் அறியப்படும் சிறுநூல். பிற்காலப் பதிப்புகளில் வினாக்கள் இருபத்தெட்டாகவும் முப்பதாகவும் விரிந்தன. மகரிஷியே அதனைக் கட்டுரை வடிவிலும் அமைத்துத் தந்தார். பக்கங்கள் மிகக் குறைவு. இரவு உணவுக்குப்பின் அமர்ந்தால் உறங்கும் முன் படித்து முடித்துவிடலாம்.

முதல் வினாவுக்கு வந்த விடை மிகச் சுருக்கமானது. அறிவாக விளங்குவதே நீ என்பது அதன் சாரம். ஆனால் அச்சான நூலில் அவ்விடைக்கு முன்னால் ஒரு நீண்ட பட்டியல் காணப்படுகிறது. இந்தத் தூல உடம்பு நானல்ல, ஐம்பொறிகள் நானல்ல, மூச்சு நானல்ல, மனமும் நானல்ல என்று ஒவ்வொன்றாக விலக்கிச் செல்லும் பட்டியல் அது. அப்பட்டியல் மகரிஷி எழுதித் தந்ததன்று. நூல்களில் கற்ற ‘நேதி நேதி’ முறையை மனத்தில் கொண்டு, தெளிவுக்காகப் பிள்ளையவர்களே சேர்த்தது. பின்னர் கையெழுத்துப் படியைப் பார்த்தபோது மகரிஷியும் இதனைச் சுட்டிக் காட்டியிருக்கிறார். ஆயினும் நீக்கச் சொல்லவில்லை. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மேலிடத்திலிருந்து ஒருவரி உத்தரவு வந்தால் அதற்கு ஒரு பக்க விளக்கம் இணைத்து அனுப்புவது அரசாங்க ஊழியர்களாகிய எங்கள் பரம்பரை வழக்கம் போலும்!

அந்த இளைஞருக்கு அவ்விடை எங்கிருந்து கிடைத்தது? நூல்களிலிருந்து அன்று. 1896ஆம் ஆண்டு ஜூலை மாதம், மதுரையில் சிற்றப்பாவின் வீட்டு மாடியில், வேங்கடராமன் என்னும் பதினாறு வயது பள்ளி மாணவனைத் திடீரென்று மரணபயம் பற்றிக்கொண்டது. உடலில் நோய் எதுவும் இல்லை. ஆயினும் இதோ சாகப் போகிறேன் என்ற அச்சம். மருத்துவரை அழைக்க அவன் ஓடவில்லை. பிணம் போலக் கை கால்களை நீட்டிப் படுத்து மூச்சை அடக்கிக்கொண்டான். சரி, இவ்வுடல் இறந்துவிட்டது. இதைச் சுடுகாட்டுக்கு எடுத்துச் சென்று எரித்துவிடுவார்கள். அதோடு நானும் இறந்து போகிறேனா என்று தன்னையே கேட்டான். உடல் அசைவற்றுக் கிடக்கும்போதும் ‘நான்’ என்று உள்ளே விளங்குவது எது என்ற அந்த ஒரே வினா அவன் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது.

அதன்பின் அவன் என்ன செய்தான் என்பது ஆலய அன்பர்களாகிய நமக்கு முக்கியம். வினா எழுந்துவிட்டது, இனிக் கோயில் எதற்கு என்று அவன் ஒதுங்கிவிடவில்லை. நேர்மாறாக, முன்பு எப்போதாவது செல்லும் மீனாட்சியம்மன் ஆலயத்திற்கு நாள்தோறும் மாலையில் செல்லத் தொடங்கினான். பெரியபுராணம் ஒன்றே அவன் அதுவரை படித்திருந்த சமய நூல். அறுபத்து மூவர் திருவுருவங்களின் முன் நின்று அவர்களுடைய பக்தி தனக்கும் வாய்க்க வேண்டும் என்று கண்ணீர் பெருக்கினான். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்ததும் நேரே அருணாசலேசுவரர் கருவறைக்குச் சென்று நின்றான். 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் உடல் நீங்கும்வரை அந்த மலையைவிட்டு அவர் அகலவில்லை. வினா கேட்கிறவர்கள் எல்லாம் நாத்திகர்கள் என்று நினைப்பவர்கள் இவ்வரலாற்றைப் படித்துப் பார்க்க வேண்டும்.

இனி, இந்த வினா நம் சுங்கை பாக்காப் வாழ்க்கையில் எங்கே வருகிறது என்பதைப் பார்ப்போம்.

என் அலுவலக மேசைக்கு நாள்தோறும் வரும் விண்ணப்பப் பாரங்கள் அனைத்தும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: நீ யார்? பெயர் என்ன, அடையாள அட்டை எண் என்ன, பிறந்த இடம் எது, இனம் எது, சமயம் எது, தொழில் என்ன, முகவரி என்ன? கட்டங்களை நிரப்பிக் கையெழுத்திட்டால் நாம் யார் என்பது தீர்மானமாகிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் முதியவர் ஒருவர் உதவித்தொகைக்காக வந்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவராகையால் பாரத்தை நானே நிரப்பினேன். தொழில் என்ற கட்டத்திற்கு வந்ததும் பேனா நின்றது. “பால்மரம் வெட்டினேன் ஐயா. நாப்பது வருசம். இப்ப மரமும் இல்ல, தோட்டமும் இல்ல. என்னன்னு எழுதப் போறீங்க?” என்று அவரே என்னைக் கேட்டார். ‘வேலை இல்லை’ என்று எழுதினேன். பாரம் அதற்குமேல் இடம் தரவில்லை.

நம் வட்டாரத்தின் வரலாறே அந்த முதியவரின் கேள்வியில் அடங்கியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்காக வெல்லெஸ்லி மாகாணத்திற்கு நம் முன்னோர் கொண்டுவரப்பட்டார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இப்போது செம்பனை நின்ற இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் எழும்பியுள்ளன. தோட்டத்துப் பெயரைச் சொல்லியே தம்மை அடையாளம் காட்டிக்கொண்டவர்கள் நாம். “நீங்க எந்தத் தோட்டம்?” என்றுதான் முதலில் விசாரிப்போம். அந்தத் தோட்டம் இல்லாமற் போனபிறகு அக்கேள்விக்கு என்ன விடை?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்து, உரிய பத்திரமின்மையால் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை எய்திய பாட்டிமார் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய், “அட்டை எதற்குப் பாட்டி? ‘நான் யார்?’ என்று ஆன்ம விசாரம் செய்யுங்கள்” என்று உபதேசிப்பது கொடுமையாகும். அட்டை வேண்டும். அதற்கான பாரத்தை நிரப்பிக் கொடுக்க நாம் உடன்செல்ல வேண்டும். உதவித்தொகைக்கு வந்த முதியவருக்குத் தேவைப்பட்டதும் உதவித்தொகையே. ஆன்மிக வினா என்பது வயிற்றுப் பாட்டையும் உரிமையையும் மறக்கச் செய்யும் மயக்க மருந்தாக ஒருபோதும் ஆகிவிடக் கூடாது. அட்டை கைக்கு வந்தபின்னரும், உதவித்தொகை வங்கியில் விழுந்தபின்னரும், இரவில் தனிமையில் ‘இவ்வளவு காலம் வாழ்ந்த நான் யார்?’ என்று ஒரு கேள்வி எழுகிறதே, அதற்கு எந்த அலுவலகத்திலும் பாரம் கிடையாது. அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது? மகரிஷி காட்டிய முறை மிக எளிது. செய்து பார்க்கும்போதுதான் அதன் கடினம் புரியும். ஓர் எண்ணம் எழும்போது அதன்பின்னே ஓடாமல், இவ்வெண்ணம் யாருக்கு எழுந்தது என்று வினவ வேண்டும். எனக்கு என்று விடை வரும். அந்த ‘நான்’ யார் என்று உடனே வினவினால், வெளியே ஓடிய மனம் தான் பிறந்த இடத்திற்குத் திரும்பும். இன்னோர் எண்ணம் எழும். மீண்டும் அதே வினா. பிணத்தைச் சுடும்போது புரட்டிவிடப் பயன்படும் தடி முடிவில் தானும் நெருப்பில் எரிந்துபோவதைப் போல, இவ்வினாவும் ஏனைய எண்ணங்களையெல்லாம் தீர்த்துவிட்டுத் தானும் தீர்ந்துபோகும் என்று அந்நூல் உவமை கூறுகிறது.

இதற்குக் குகைக்குப் போக வேண்டியதில்லை. நம் ஆலயத்திலேயே ஆண்டுதோறும் நல்ல வாய்ப்புகள் அமைகின்றன. திருவிழா உபயத்தன்று தமக்குரிய மாலை மரியாதை வேறொருவருக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். (சிலர் சிரிக்கிறீர்கள், யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை.) நெஞ்சு கொதிக்கிறது. கொதிப்பை அடக்கு என்று தன்னைத்தானே அதட்டினால் அஃது அடங்காது. வீட்டிற்குப் போய் மனைவி மக்கள்மீது பாயும். அதற்குப் பதிலாக, அவமானப்பட்டது யார் என்று அமைதியாகக் கேட்டுப் பாருங்கள். கழுத்தா? கழுத்துக்கு மாலை கனமே தவிரப் பெருமையன்று. ஆலயப் பதிவேட்டில் உள்ள பெயரா? பெயருக்கு வலி தெரியாது. ‘என்னை மதிக்க வேண்டும்’ என்று உள்ளே அமர்ந்து அதிகாரம் செய்யும் அந்த ஒருவர் யார்? அவரைப் பிடிக்கப் போனால் அவர் நழுவிவிடுவார். இந்த நாட்டில் ஆலயப் பூசல்கள் சங்கங்களின் பதிவதிகாரி வரைக்கும் நீதிமன்றம் வரைக்கும் சென்ற வரலாறுகளை நாம் அறிவோம். அவற்றுக்குக் கணக்கு வழக்குகள் காரணமாகக் காட்டப்பட்டாலும், பலவற்றின் அடியில் கிடந்தது ஒரு மாலைதான் என்பது என் கருத்து.

சிவப்பிரகாசம் பிள்ளையின் கதையை முடிக்காமல் வந்துவிட்டேன். “நான் யார்?” என்று கேட்டு விடையும் பெற்றவர், அன்றோடு ஞானியாகிக் கவலையற்று வாழ்ந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அலுவலகப் பணி அவருக்குச் சலித்தது. 1910இல் வேலையைத் துறந்தார். வேலையை விட்டால் மனத்தின் பாரம் இறங்கிவிடும் என்று எண்ணும் என் சக ஊழியர்களுக்காக இதைச் சொல்கிறேன்: பாரம் இறங்கவில்லை. இல்லறத்தில் மீண்டும் நுழைவதா, தனித்து வாழ்வதா என்ற பெரிய போராட்டம் அவரைப் பற்றிக்கொண்டது. ஒரு தாளில் நான்கு கேள்விகளை எழுதினார். துன்பங்களிலிருந்து தப்ப நான் என்ன செய்ய வேண்டும்? நான் நினைக்கும் பெண்ணோடு திருமணம் நடக்குமா? நடக்காதெனில் ஏன்? நடக்குமெனில் அதற்குரிய பணம் எங்கிருந்து வரும்? இந்தத் தாளைத் தம் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் விநாயகப் பெருமானின் திருமுன் வைத்து, விடை அருளுமாறு வேண்டினார்.

இப்பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மீது மிகுந்த அன்பு பிறக்கிறது. பதினான்கு தத்துவ வினாக்களைக் கேட்டவர், கடைசியில் நம்மைப் போலவே கல்யாணத்தையும் பணத்தையும் பற்றிப் பிள்ளையாருக்கு மனு எழுதி வைக்கிறார்! வினவும் மனமும் வேண்டும் மனமும் ஒரே மனிதருக்குள் இருந்தன. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பின்னாளில் இதையெல்லாம் மறைக்காமல் செய்யுளாக எழுதித் தாமே அச்சிட்டும் வைத்தார்.

பிள்ளையார் தாளில் விடை எழுதவில்லை. பிள்ளையவர்கள் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டு வந்தார். மகரிஷியின் முன் அமர்ந்தார். கேள்விகளை வாய்விட்டுக் கேட்கவில்லை. 1913ஆம் ஆண்டு மே மாதத்தில், அவ்வாறு அமர்ந்திருந்தபோது மகரிஷியைச் சூழ்ந்து பேரொளி விளங்கக் கண்டதாக அவர் பதிவு செய்திருக்கிறார். அக்காட்சியைப் பற்றி விளக்கம் கூற எனக்குத் தகுதியில்லை. அதன்பின் நடந்ததுதான் என்னைக் கவர்கிறது. அந்த நான்கு கேள்விகளுள் ஒன்றுக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற விடை அவருக்குக் கிடைக்கவில்லை. கேள்விகளே அவரைவிட்டு அகன்றன. ஊருக்குத் திரும்பினார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. எளிய வாழ்க்கை வாழ்ந்து 1948இல் மறைந்தார். செய்தி கேட்ட மகரிஷி, சிவப்பிரகாசம் சிவப்பிரகாசமாகவே ஆகிவிட்டார் என்னும் பொருள்படக் கூறியதாகச் சொல்வர்.

பிள்ளையவர்கள் அருணையில் அமர்ந்திருந்த அதே 1913ஆம் ஆண்டில், இந்த வரலாற்றுக்குத் தொடர்பில்லாத இன்னொரு தமிழர் கப்பலேறி நம் மலாயாவுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் பிறந்த டாக்டர் குப்புசாமி. சிரம்பானுக்கு அருகே ரப்பர்த் தோட்ட மருத்துவமனையில் பணியாற்றினார். பிறகு ஜொகூர் பாருவில் பணியாற்றினார். நம் பாட்டன்மார் போன்ற தொழிலாளர்களின் காய்ச்சலையும் புண்ணையும் தம் கையால் ஆற்றியவர். 1923இல் அனைத்தையும் விட்டுத் தாயகம் திரும்பி, அடுத்த ஆண்டு இமயச் சாரலில் ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். அவரே சுவாமி சிவானந்தர். 1936இல் தெய்வ நெறிக் கழகத்தைத் தோற்றுவித்தவர். அவர் வழியில் அமைந்த ஆசிரமம் பத்துமலையில் இருப்பதை உங்களில் பலர் அறிவீர்கள்.

சிவானந்தர் மருத்துவர் அல்லவா? அவருடைய வினாக்களும் மருத்துவர் கேட்கும் கேள்விகளைப் போலவே இருக்கும். ‘ஆன்மிக நாட்குறிப்பு’ என்று ஓர் அட்டவணையை அமைத்துக் கொடுத்தார். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாய்? எத்தனை மணி நேரம் உறங்கினாய்? எத்தனை மாலை ஜபம் செய்தாய்? எவ்வளவு நேரம் மௌனமாக இருந்தாய்? எவ்வளவு தானம் செய்தாய்? எத்தனை பொய் சொன்னாய்? எத்தனை முறை சினம் வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது? நாள்தோறும் கட்டங்களில் எண்ணை நிரப்ப வேண்டும். மகரிஷியின் வினா வேரைத் தோண்டுவது. சிவானந்தரின் வினாக்கள் தினமும் களை எடுப்பவை. என்னைக் கேட்டால், பலருக்கு இரண்டாவதுதான் முதலில் கைவரும் என்பேன். “நான் யார்?” என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடலாம். “இன்று எத்தனை பொய்?” என்று கேட்டால் தூக்கம் வராது. ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். அட்டவணையை யாரும் தணிக்கை செய்ய வரமாட்டார்கள். அதிலும் பொய் எழுதத் தோன்றினால், அந்தப் பொய்யையும் உரிய கட்டத்தில் கணக்கெழுதிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். துயரத்தில் இருப்பவருக்கு வினா வேறொரு வடிவில் வருகிறது. “எனக்கு ஏன் இந்தச் சோதனை? யாருக்கு என்ன பாவம் செய்தேன்?” மோட்டார் சைக்கிள் விபத்தில் இளம் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இவ்வாறு கதறும்போது, “அந்த ‘எனக்கு’ என்பது யார் என்று விசாரியுங்கள் அம்மா” என்று சொல்பவர் சமயம் அறிந்தவரல்லர். அவரிடம் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே முறை. வினா உள்ளிருந்து கனிந்து வர வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவினர் எல்லாம் போனபிறகு, ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து அவரே கேட்பார். அப்போது அவரோடு அமர்ந்து பேச நம் ஆலயத்தில் ஒருவரேனும் இருக்க வேண்டும். நம்மிடம் இல்லையென்றால் வேறிடங்களில் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். சமயம் மாறிச் சென்ற குடும்பங்களைப் பற்றி நாம் வருந்திப் பேசுகிறோம். அவர்களுள் எத்தனை பேர் முதலில் நம்மிடம் வந்து ஏதோ கேட்டார்கள், நாம் என்ன விடை சொன்னோம் என்பதையும் பேச வேண்டும்.

பிள்ளைகளின் கேள்விகளும் அப்படியே. பிள்ளையாருக்கு ஏன் யானை முகம்? தேங்காயை ஏன் உடைக்கிறோம்? தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் சாலையெங்கும் இத்தனை தேங்காய் உடைகிறதே, பசித்தவருக்குக் கொடுத்தால் என்ன? காவடி எடுத்தவருக்கு வலிக்காதா? இவற்றுக்கெல்லாம் நமக்கு உடனே விடை தெரிய வேண்டும் என்பதில்லை. தெரிந்ததைச் சொல்லலாம். தெரியாததை, “நல்ல கேள்வி, அடுத்த வாரம் சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லலாம். பிறகு மெல்ல, “உனக்கு ஏன் இது தோன்றியது?” என்று திருப்பிக் கேட்கலாம். பசித்தவரைப் பற்றிக் கவலைப்படும் பிள்ளைக்குத் தன் உள்ளத்தில் இருக்கும் இரக்கம் அப்போது தெரியவரும்.

நிர்வாகக் குழுவினருக்கு இரண்டு சிறு வேண்டுகோள்கள் வைக்க விரும்புகிறேன். இவை மேலே சொன்ன முதற்பொருளில் கேட்கும் கேள்விகள்தான்! ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் ஒரு தடித்த குறிப்பேடு வைக்கலாம். பிள்ளைகள் பெயர் எழுதியோ எழுதாமலோ தம் கேள்விகளை அதில் எழுதட்டும். மாதம் ஒரு முறை பெற்றோரும் ஆசிரியரும் அமர்ந்து அதனைப் படிக்கலாம். மற்றொன்று: இரவுப் பூசை முடிந்தவுடன் விளக்குகளை அணைத்துக் கதவடைப்பதற்கு முன் பத்து நிமிடம் ஒலிபெருக்கியை நிறுத்தி, மண்டபத்தில் விரும்புவோர் பேசாமல் அமர்ந்திருக்க இடமளிக்கலாம். பாய் விரித்தால் போதும், செலவில்லை. முட்டி வலியுள்ள பெரியவர்களுக்கு அன்னதானக் கூடத்திலுள்ள நாற்காலிகளில் நான்கைந்தைக் கொண்டுவந்து போடலாம்.

‘நான் யார்?’ சிறுநூலின் தமிழ்ப் படிகள் சிலவற்றை ஆலய நூலகத்திற்கு இன்று கொண்டு வந்திருக்கிறேன். எடுத்துச் செல்பவர்கள் படித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தால் மகிழ்வேன். அன்னதானத்திற்கு நேரமாகிவிட்டதென்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.